நீச்சல் தெரிந்த பெண்

19 ஜூன் 2024, புதன்

டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னதால் இந்த நோட்டு. தாரணியின் போன வருடக் கணக்கு நோட்டுதான். பின்பக்கம் நாற்பது தாள் காலியாக இருந்தது.

நேற்றுக் காலை பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. விளையாட்டு வகுப்பில் ஓடும்போது விழுந்துவிட்டாளாம். ரேஷன் கடையில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அப்படியே பூட்டிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. "ஒன்னுமில்லம்மா, ஒரு நிமிசம் தூங்குன மாதிரி இருந்துச்சு" என்றாள். அன்று காலை ஒரே ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனவள்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினேன். சின்ன வயது டாக்டரம்மா. பொறுமையாகப் பேசினார். ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தமும் எடுத்தார். ரத்தம் குறைவு, வெயில், அரை வயிறு, பதினாலு வயதில் இதெல்லாம் சகஜம் என்றார்.

"மறுபடி விழுந்தா பதறாதீங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு, காலைத் தலகாணி மேல தூக்கி வெய்யுங்க. கழுத்துப் பட்டனைத் தளர்த்தி விடுங்க. சுத்தி நின்னு காத்தை மறைக்க வேண்டாம். முழிக்கறதுக்கு முன்னால வாயில தண்ணி ஊத்தாதீங்க. கையில சாவியக் குடுக்கறது, வெங்காயத்தை மூக்குல வெக்கறது எதுவும் வேண்டாம்."

தாரணியிடம் தனியாகச் சொன்னார். காலையில் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் நல்லது. கண் இருட்டுகிற மாதிரி, வியர்க்கிற மாதிரி இருந்தால் யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

பிறகு என்னிடம், "ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க. எத்தன மணி, என்ன பண்ணீட்டு இருந்தா, சாப்பிட்டிருந்தாளா, முன்னாலயே ஏதாச்சும் தெரிஞ்சுதா, எவ்வளவு நேரம், எப்படி முழிச்சா. மயங்கறவங்களுக்கு நடந்தது தெரியாது. பக்கத்துல இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

சீட்டு எழுதும்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன்.

21 ஜூன்

காலை இரண்டு இட்லி, ஒரு முட்டை. தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது. மயக்கம் இல்லை.

24 ஜூன்

காலை பொங்கல். மயக்கம் இல்லை. கடைக்குத் துவரம்பருப்பு இன்னும் வரவில்லை. வந்தவர்களெல்லாம் நான்தான் தின்றுவிட்டது போலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

29 ஜூன், சனி

மயக்கம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள்.

தாரணியின் அப்பா இன்று சீக்கிரம் கிளம்பினார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் அவர். "தாரணி, உங்கம்மாகிட்ட வண்டிச் சாவி எங்கன்னு கேளு" என்றார். அவர் கூடத்தில், நான் அடுப்படியில். நடுவில் எட்டடி இருக்கும். "ஃபிரிட்ஜ் மேல இருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றேன்.

மூன்று வருடமாக இப்படித்தான். தாரணிக்குப் பழகிவிட்டது. சில நேரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் பதிலை அவளே சொல்லிவிடுகிறாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

3 ஜூலை, புதன்

காலை ஐந்தரை. பரீட்சை என்று போனில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். அது அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள். நான் பக்கத்துப் பாயில்தான் இருந்தேன். கண் மேலே செருகிக்கொண்டது. உதடு வெளுத்தது, பிறகு நீலம் பாய்ந்தது. கை இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடிக்குக் குறையாது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. முழித்ததும் என்னை அடையாளம் தெரிந்தது. "என் காலு ஏம்மா மேல இருக்குது?" என்று கேட்டாள். பாவாடை நனைந்திருந்தது.

கண் இருட்டவில்லை, வியர்க்கவில்லை என்கிறாள். இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தாள். நின்றுகொண்டும் இல்லை.

அவர் கூடத்திலிருந்து ஓடிவந்து வாசல்படியில் நின்றார். "பெரிய டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. தாரணி அப்போதுதான் கண் திறந்திருந்தாள். அந்தச் சொல்லை எடுத்து என்னிடம் கொடுக்க அவளால் முடியவில்லை.

5 ஜூலை

நோட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. வலிப்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், தள்ளிப் போடாமல் நாமக்கல் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். அங்கே குடும்ப விவரமெல்லாம் கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாத ஆரம்பம். கடையில் கைரேகை எந்திரம் வேறு தகராறு செய்கிறது. பதினைந்தாம் தேதிக்கு மேல் போகலாம்.

8 ஜூலை, திங்கள்

பக்கத்து வீட்டுச் சரசக்கா திருநீறு கொண்டு வந்தாள். அலாரம் அடித்த அன்று எங்கள் வீட்டுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"இது யாரோட வேலைன்னு உனக்குத் தெரியாதா துளசி? ஒத்தையில இருக்க முடியாம தங்கச்சியக் கூப்புடறா. வெள்ளிக்கிழம கோயிலுக்கு வா. கேட்டுப்போடலாம்."

நான் திருநீற்றை வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை.

பெரியவள் பெயர் மேகலா. இருந்திருந்தால் போன மாதம் இருபது முடிந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன், ஊரடங்கு நேரத்தில், கிணற்றில். இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. டாக்டரிடம் காட்டும்போது இந்தத் தாளை மடித்துப் பின் அடித்துவிட வேண்டும்.

16 ஜூலை

இன்று போயிருக்கலாம். அரிசி லோடு வந்துவிட்டது. மயக்கம் இல்லை.

22 ஜூலை, திங்கள்

காலை எட்டு பத்து. இரண்டு இட்லி சாப்பிட்டு, பாலும் குடித்திருந்தாள். பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மளிகைக் கடைக்கு முன்னால் முகம் தரையில் அடிக்க விழுந்தாள். கையை ஊன்றவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தவள் ஓட்டத்திலேயே இல்லாமல் போனாள். அப்படித்தான் எழுத வருகிறது. இருபது விநாடி. முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து தூக்கினார்.

பதினேழு நாள் தள்ளிப் போட்டது நான்தான்.

24 ஜூலை, புதன்

நாமக்கல். இதய டாக்டர் வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நோட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின் அடித்த தாளை அவர் பிரிக்கவில்லை.

"ஓடி முடிச்சு நின்ன பின்னால விழுந்தாளா, ஓடீட்டிருக்கும்போதேவா?"

"ஓடீட்டிருக்கும்போதேங்க. ரெண்டு தடவையும்."

"பசி மயக்கம்னா முன்னாலயே தெரியும். கண்ணு இருட்டும், வேர்க்கும், குமட்டும். வெயில்ல ரொம்ப நேரம் நின்னா வரும். இது அப்படி இல்லையேம்மா. படுத்திருந்த புள்ள அலாரம் சத்தத்துக்கு மயங்கியிருக்கா. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி? சின்ன வயசுல திடீர்னு தவறினவங்க யாராச்சும் உண்டா?"

"இல்லைங்க."

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். தாரணி சொன்னாள்: "எனக்கொரு அக்கா இருந்தாங்க டாக்டர்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"கெணத்துல போயிட்டாங்க."

"நீச்சல் தெரியாதா?"

"எனக்கே அக்காதான் கத்துக்குடுத்தாங்க."

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அன்று கிணற்று மேட்டில் ஒரு போலீஸ்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். நன்றாகத் தெரியும் என்று ஊரே சொன்னது. "நீச்சல் தெரிஞ்ச பொண்ணு முழுகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் குதித்ததற்குக் காரணத்தைத்தான் தேடினார்கள். ஊரில் ஆளுக்கொரு பையன் பெயரைச் சொன்னார்கள்.

"மூத்தவங்க அதுக்கு முன்னால எப்பவாச்சும் இப்படி மயங்கி விழுந்திருக்காங்களா?" டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்த நீளக் காகிதத்தை விரித்து, பேனா முனையால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம்வரை தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மறுபடி தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுமாம். தாரணிக்கு அந்த நேரம் நீளமாக இருக்கிறது. அது முடிவதற்குள் ஓட்டமோ பயமோ திடீர்ச் சத்தமோ வந்து இடித்தால் துடிப்பு குழம்பி வெறுமனே நடுங்கும். தலைக்கு ரத்தம் போகாது. தானாகச் சரியானால் முழித்துக்கொள்வார்கள். சரியாகாவிட்டால் இல்லை. பிறவியிலேயே வருவது.

ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது. ஓட்டம், போட்டி எதுவும் கூடாது. அலாரம் வேண்டாம், தொட்டு எழுப்புங்கள். சளிக்கோ வாந்திக்கோ மருந்துக் கடையில் சொந்தமாக எதுவும் வாங்கக் கூடாது, சில மருந்துகள் இதை இன்னும் கெடுக்கும். "முக்கியமா தண்ணியில இறங்கவே கூடாது. இந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு நீச்சல்தான்..." என்று ஆரம்பித்தவர் தாரணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

25 ஜூலை

கடை திறந்தேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது.

28 ஜூலை, ஞாயிறு

ஞாபகம் இருக்கிறது.

முதல் தடவை, 2019 தீபாவளி. வாசலில் யாரோ வைத்த வெடி பக்கத்தில் வெடித்தது. மேகலா கோலத்தின்மேல் விழுந்தாள். தாவணியெல்லாம் கோலப்பொடி. எழுந்து அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் தடவை, 2021 பிப்ரவரி. பிளஸ் ஒன். எந்த நேரமும் போன் என்று நான் கத்தினேன். கையில் தட்டோடு பாத்திரம் கழுவும் இடத்திலேயே சரிந்தாள். முழித்தவளை நான் என்ன செய்தேன் என்று டாக்டர் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

மே பன்னிரண்டு. ஊரடங்கு. போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வகுப்பு இருக்கிறது என்றாள். பொய் என்றேன். வார்த்தை வளர்ந்தது. "என் உசுர வாங்காத, எங்கியாச்சும் போய்த் தொல" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்காவுக்கு அது கேட்டது. சாயங்காலத்துக்குள் அவள் வாய் வழியாகத் தாரணியின் அப்பாவுக்கும் கேட்டது. அன்று நின்றதுதான் அவர் என்னோடு பேசுவது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பையோடு கிளம்பினாள். நான் எங்கே என்று கேட்கவில்லை. இரண்டரைக்கு வந்து சொன்னார்கள்.

கிணற்று மேட்டில் அந்தப் பை இருந்தது. உள்ளே துண்டு, ஊதாச் சுடிதார், ஒரு ஷாம்பூ பாக்கெட். சாகப் போகிறவள் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போவாளா என்று எனக்கு அன்றே தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்ன வார்த்தைக்குத் தப்பிக்க வழி தேடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

பெற்றவர்கள் இருவரையும் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் தாரணியின் அப்பா முன் சீட்டில், நானும் தாரணியும் பின்னால்.

அவருக்கு இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. எனக்கு இல்லை.

"உங்ககிட்ட இருந்து வந்திருக்குதும்மா. இது யாரோட தப்பும் இல்ல. கண்ணு, மூக்கு வர்ற மாதிரி இதுவும் வருது. நீங்க எப்பவாச்சும் மயங்கியிருக்கீங்களா?"

பதினாறு வயதில் ஒரு தடவை, தாரணி பிறந்த மாதத்தில் ஒரு தடவை. சொன்னேன். மேகலாவின் இரண்டு தடவைகளையும் சொன்னேன். போன முறை ஞாபகம் இல்லை என்றதை டாக்டர் திருப்பிக் கேட்கவில்லை. தாரணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரணியின் அப்பா மெதுவாகக் கேட்டார். "அப்ப பெரியவளுக்கும் இதேதானுங்களா?"

"இப்ப உறுதியாச் சொல்ல வழியில்லைங்க. ஆனா நல்லா நீச்சல் தெரிஞ்ச புள்ள, ரெண்டு தடவ மயங்கியிருக்கு, தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் இருக்கு. எனக்கு வேற மாதிரி நெனைக்கத் தோணல."

"அப்ப அது குதிக்கலைங்களா?"

"குதிச்சிருக்கும். நீந்தறதுக்குக் குதிச்சிருக்கும்."

அப்போதே ஒரு இ.சி.ஜி. எடுத்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். டாக்டர், அதையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம் என்றார். அதுதான் பதில்.

பிறகு நர்ஸ் ஒருத்தி எங்களை ஒரு பொம்மைக்கு முன்னால் உட்கார வைத்தாள். முழித்துக்கொள்ளாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஒருவர் 108க்கு போன் செய்ய வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் கோத்து வைத்து, கடகடவென்று அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். "பயப்படாம அழுத்துங்க. வலிக்கும்னு பாக்காதீங்க." எனக்கு முதலில் சரியாக வரவில்லை. பத்தாவது தடவை வந்தது. அன்று மேகலாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினார்கள். தண்ணீர் வெளியே வரட்டும் என்று. நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை.

டாக்டர் எனக்கும் அதே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

7 ஆகஸ்ட்

காலையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாரணி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"துளசி."

மூன்று வருடம் மூன்று மாதம் ஆகிறது அந்தக் குரலில் என் பெயர் வந்து. நான் நிமிரவில்லை.

"அன்னிக்கு மேகலா எனக்கு போன் பண்ணுச்சு. சரசக்கா போன்ல இருந்து. பத்தே முக்கால் இருக்கும். 'அப்பா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ரெண்டு நாளாக் கண்ண மறைக்குது, வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்க'ன்னுச்சு. பட்டறையில பாதிக் கதவச் சாத்திக்கிட்டு வேலை ஓடுது. கையில வெல்டிங் ராடு. உங்கம்மாகிட்டச் சொல்லுன்னுட்டு வெச்சுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"எப்படிச் சொல்லும். நீ திட்டீட்டுத்தான இருந்த."

பிறகு அவரே சொன்னார். "போன் வந்தத நான் யாருகிட்டயும் சொல்லல. நீ திட்டுனதுலதான் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படியே இருந்துட்டேன். எனக்கு அது தோதா இருந்துச்சு."

நறுக்கிய காய் கறுத்துவிடும். எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எழுந்து போய் அவரைத் தொட்டிருக்கலாம். குழம்புக்குப் புளி ஊற வைத்தேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சரசக்காவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "பாத்தியா, உன் மேல தப்பே இல்லன்னு ஆயிருச்சு. இனிமேயாச்சும் நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிம்மதி.

மூன்று வருடமாக நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. என் வார்த்தை பொறுக்காமல் மேகலா போனாள், சரி. ஆனால் போக வேண்டும் என்று நினைத்தாள், போய்விட்டாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்தது. அந்த ஒன்றைச் சொல்லித்தான் காலையில் எழுந்து சோறு வடித்தேன். இப்போது அதுவும் இல்லை. அவள் வெயிலுக்குக் குளிக்கப் போனாள். தலைக்கு ஷாம்பூ போட்டு, ஊதாச் சுடிதார் மாற்றிக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வரவிருந்தாள். என்மேல் கோபம்கூட அதற்குள் பாதி தணிந்திருக்கும். அவள் சாக நினைக்கவில்லை.

இதை எந்த டாக்டரிடம் காட்டுவது.

15 ஆகஸ்ட்

கொடியேற்றத்தில் அணிவகுப்புக்குச் சேர்க்கவில்லை என்று தாரணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சாப்பிட்ட பின்தான் மாத்திரை. நாலு மணிக்குக் கெஞ்சிச் சாப்பிட வைத்தேன்.

26 ஆகஸ்ட்

மயக்கம் இல்லை. கை சில்லென்று இருக்கிறது, மாடி ஏறினால் களைப்பு என்கிறாள். மாத்திரையால் முதலில் அப்படி இருக்கும், தானாக நிறுத்திவிடக் கூடாது என்று டாக்டர் போனில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. நான் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

ஜாமெட்ரி பாக்ஸில் ஆறு மாத்திரை. துணி துவைக்கும்போது அவள் பையைக் காலி செய்தேன், கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டு நான் திரும்பியதும் துப்பி வைத்திருக்கிறாள். அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இத நிறுத்துனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா தாரணி?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்?"

அவள் பாயில் உட்கார்ந்து அதன் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா தட்டோட மயங்கி வுழுந்துதுல்ல. முழிச்சதும் நீ என்ன பண்ணுன?"

"அது எதுக்கு இப்ப?"

"நான் கதவுகிட்டத்தான் நின்னுட்டு இருந்தேன். எனக்குத் தெரியும். நீ சொல்லு."

டாக்டர் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

"அறைஞ்சேன்" என்றேன்.

"என்ன சொல்லி?"

"நடிக்கறியான்னு கேட்டு."

"ரெண்டு தடவ அறைஞ்ச" என்றாள். "மொதல்ல டாக்டர்கிட்ட ஞாபகமில்லன்ன. அக்காவே இல்லாத மாதிரி 'இல்லைங்க'ன்ன. நான் மட்டும் சொல்லலைன்னா எனக்கும் ரத்தம் கொறைவுன்னே மாத்திரை குடுத்துட்டு இருந்திருப்பாங்க. நான் செத்துப்போயிருப்பேன். அப்ப என்னையும் இல்லன்னு சொல்லியிருப்ப."

நான் பக்கத்தில் உட்காரப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"மாத்திரை போடறேன். உங்கையில வாங்க மாட்டேன்."

9 செப்டம்பர்

அவரிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒரு வேளையும் தவறக் கூடாது என்றேன். அவர் தலையாட்டினார்.

14 செப்டம்பர்

ஆறு நாளும் போட்டிருக்கிறாள். அட்டையை எண்ணிப் பார்த்தேன். பட்டறையிலிருந்து அவர் இரவு எட்டு மணிக்குள் வந்துவிடுகிறார். அப்பாவோடு உட்கார்ந்து டி.வி. பார்க்கிறாள், உடைந்த பல்லுக்கு அவரோடுதான் போய்க் காட்டிவிட்டு வந்தாள். என்னிடம் வேண்டியதை மட்டும் பேசுகிறாள். காலண்டர் எங்கே, சீருடை காய்ந்ததா, இப்படி.

21 செப்டம்பர், சனி

தாரணி டியூஷன் போயிருந்தாள். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"அது எங்கையில மாத்திரை வாங்கறப்ப எல்லாம் எனக்குப் பொறுக்கல துளசி. அப்பா நல்லவருன்னு நெனச்சுட்டு வாங்குது. அந்த போன் வந்தத அதுகிட்டச் சொல்லீறட்டுமா? சொன்னாத்தான் எனக்கு ஆறும்."

நியாயம்தான். என் பாதியை நான் ஒப்புக்கொண்டாயிற்று, அவர் பாதியை அவர் ஒப்புக்கொள்ளட்டும். சொல்லிவிட்டால் எங்கள் இருவர்மேலும் அவளுக்கு ஒரே வெறுப்பு வரும். எனக்குத் துணை கிடைக்கும். சொல்லுங்கள் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வருடம் நான் தனியாகச் சுமந்தது எனக்குத்தான் தெரியும்.

"சொல்லாதீங்க" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

"அவ மாத்திரை போடற வரைக்கும்."

அது எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பங்கு மாத்திரையை நான் எடுத்து விழுங்கினேன்.

இந்த வீட்டில் அவள் நம்பி வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும். என்னுடையது ஆகாது என்று ஆகிவிட்டது. அவருடையதாவது இருக்கட்டும்.